முனைவர் பட்ட ஆய்வுக்குச் சமூக ஊடகம் உதவுமா, நேரம்தான் வீணாகுமா?

நீங்கள் முதல் அல்லது இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், கைபேசியும் கையுமாக இருப்பதைப் பார்த்து வழிகாட்டி ஏதோ சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது.

என் ஆய்வில் ஆறு குழுக்களை ஒப்பிட வேண்டியிருந்தது. குழுக்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அனோவா (குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை) ஓட்டினேன். வரைபடத்தில் மூன்றாவது குழு தனியாக உயர்ந்து நின்றது. ஆனால் குழுக்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று முடிவு வந்தது. மூன்று வாரம் தரவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். வழிகாட்டியிடம் போனால், "தரவு எடுத்ததிலேயே கோளாறு இருக்கும், மறுபடி எடு" என்றார். மறுபடி எடுத்தால் ஓர் ஆண்டு போய்விடும்.

அன்றிரவு ஃபேஸ்புக்கில் ஒரு புள்ளியியல் குழுவில் நிரலையும் வெளியீட்டையும் அப்படியே ஒட்டிக் கேட்டேன். காலையில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "ஆறு குழு என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 5 வர வேண்டுமே, உங்கள் அட்டவணையில் 1 என்று இருக்கிறதே?" டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பது இங்கே குழுக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்த எண். குழு எண்களை மென்பொருள் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு, 1-லிருந்து 6 வரை ஒரே நேர்கோட்டில் ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறது. அவற்றை ஃபேக்டர், அதாவது குழுக்களின் வெறும் அடையாளம், என்று மாற்ற ஒரு வரி போதுமாக இருந்தது. மாற்றியதும் வேறுபாடு தெளிவாக வந்தது.

இது அடிப்படைப் பாடமாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். படித்ததுதான். மூன்று வாரம் அதே அட்டவணையைப் பார்த்த கண்ணுக்கு அந்த 1 படவில்லை. நாள் முழுக்க ஊடகத்தில் கிடக்கச் சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். நிரல், வெளியீடு, இதுவரை என்ன முயன்றீர்கள் என்பதெல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். "உதவி தேவை" என்று மட்டும் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களின் பெயர், விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

கட்டுரை கிடைக்காவிட்டால் ஆய்வாளர்களுக்கான ரிசர்ச்கேட் தளத்தில் ஆசிரியரிடமே பிரதி கேளுங்கள். எனக்குப் பலர் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பதிவில் பார்த்த வரைபடத்தை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். மூலக் கட்டுரையைப் படியுங்கள், பிழை போன்ற காரணத்தால் இதழ் அதைத் திரும்பப் பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சமூக ஊடகப் பதிவுகளே உங்கள் தரவு என்றால் இன்னும் கவனம் தேவை. ட்விட்டர் 2023-இல் ஆய்வாளர்கள் பதிவுகளைத் தரவாக இறக்கிக்கொள்ளும் இலவச வசதியை நிறுத்தியது. ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா, பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய க்ரவுட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. அவற்றை நம்பித் திட்டமிட்டவர்கள் பாதியில் நின்றார்கள். ஒரே தளத்தை நம்பி ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆய்வேட்டின் நன்றியுரையில் அந்த முகம் தெரியாதவரின் பெயரைப் போட்டிருந்தேன். "முகநூல் ஆட்களெல்லாம் எதற்கு" என்று பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். என் ஆய்வேட்டை ஒரு பக்கம்கூடப் புரட்டாத இருவரின் பெயர் மட்டும் பதவியோடு அச்சில் வந்தது. அப்போது எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அச்சானதும் அவருக்கு ஒரு பிரதி அனுப்பி, பெயர் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "அந்த அட்டவணையில் இப்போது 5 வருகிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.