37 வயதில் ஆறு சுற்றுக் குத்துச்சண்டைப் போட்டி ஏற்கலாமா?

கேள்வி: வயது 37, எடை 69 கிலோ. மத்திய கிழக்கில் வேலை செய்த காலத்தில் நான்கு சுற்றுத் தொழில்முறைப் போட்டிகளில் மோதியிருக்கிறேன். இப்போது ஊரில்தான். வாரம் நான்கு நாள் ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சிச் சண்டை) செய்கிறேன். குத்தின் பலம் குறையவில்லை. ஆனால் முன்பு படாத அடியெல்லாம் படுகிறது. ஆறு சுற்றுப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஏற்கலாமா?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: வயது ஏறும்போது பல வீரர்களுக்கு இப்படித்தான் தொடங்குகிறது. சட்டென்று சுருங்கி விரியும் தசைநார்கள்தான் முதலில் மெலிகின்றன. குத்தின் கனம் உடல் எடையாலும் இடுப்புத் திருப்பத்தாலும் நேரம் பார்த்து விடுவதாலும் வருவதால் நெடுநாள் தாங்கும். குத்திவிட்டுப் பின்வாங்கும் அந்த அரை அடி அப்படித் தாங்காது. கால் ஒரு கணம் பிந்தினால் பதில் குத்து நாடியில் விழும். ஜோர்ஜ் ஃபோர்மன் 1994இல், 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் 10ஆம் சுற்றில் மைக்கேல் மூரரை வலக்கையால் வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். அதுவரை அவர் வாங்கிய அடிகளை யாரும் பேசுவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியவர் 49 வயதிலும் பட்டம் வென்ற பேர்னார்ட் ஹொப்கின்ஸ். தூரம் காத்து, குறைவாகக் குத்தி, நெருங்கினால் கட்டிப்பிடித்து, அடி வாங்காமல் ஆடியவர்.

நான்கு நாள் ஸ்பாரிங்கை இன்றோடு விடுங்கள். உங்களுக்கு நான் சொல்வதில் இதுவே முக்கியம். வயதோடு மூளை சற்றுச் சுருங்க, அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள சிறு நாளங்கள் இழுபடும். அதிர்வில் கிழிவது எளிதாகும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடி வாங்கி வாங்கி நாடி உறுதிப்படும் என்பதும் பொய். வாரம் ஒரு நாள், 16 அவுன்ஸ் கையுறை, மூன்று நிமிடச் சுற்று நான்கு போதும். அதில் இரண்டு, உடம்புக்கு மட்டும் குத்தும் சுற்றுகளாக இருக்கட்டும்.

மிச்ச நேரம் காலுக்கு. வாரம் இரு நாள், 10 வினாடி முழு வேக ஓட்டம் எட்டு முறை, இடையே 90 வினாடி ஓய்வு. டச்சு விரிகுடாவில் ஓடினால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். காய்ந்த மணலில் குதிக்கால் நரம்பு இழுபட்டு, மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும். கடும் பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரமாவது விடுங்கள். புரதம் நாளுக்கு 110 கிராம் தேவை. கால் கிலோ சூரை மீன் சதை அதில் ஏறக்குறைய பாதியைத் தரும்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை 6.30க்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர் தண்ணீரை, சிறிது உப்போடு, சில மணி நேரத்தில் குடித்து முடியுங்கள். ஏற்பாட்டாளர் 66.68 கிலோ வெல்டர் எடைப் பிரிவுக்கு இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், 69.85 கிலோ சூப்பர் வெல்டர்தான் உங்கள் இடம். கடைசி வாரத்தில் தண்ணீரை வற்றவைத்து எடை குறைத்தவர் கால் கனத்து, மந்தமாகத்தான் மேடை ஏறுவார்.

கையெழுத்திடுமுன் இரத்த அழுத்தம், ஈசிஜி, மூளை எம்ஆர்ஐ, கண்மணியை விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை நான்கையும் முடியுங்கள். கண்ணில் மின்னல் வெட்டினாலோ திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே கண் வைத்தியரிடம் போங்கள். ஸ்பாரிங்குக்குப் பின் தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. தலையிடிக்கு அஸ்பிரின் போடாதீர்கள், இரத்தக் கசிவு இருந்தால் அதைக் கூட்டும்.

இப்படி எட்டு வாரம் பயின்றபின், ஒரே ஒரு தடவை ஆறு சுற்று ஸ்பாரிங் செய்து, பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் தலையில் சுத்தமாக விழுந்த குத்துகளை எண்ணுங்கள். ஐந்தாவதில் இரட்டிப்பானால் அழைப்பை மறுத்துவிடுங்கள். ஏறத்தாழ சமமாக நின்றால், மருத்துவ அறிக்கைகளும் சுத்தமாக இருந்தால், ஏற்கலாம்.