வாசகர் கேள்வி: மைவியில் தாமான் நெகாரா போகலாமா?

கேள்வி (செந்தூல் வாசகி): பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பகாங்கில் உள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருவர், 8 வயதிலும் 12 வயதிலும் பிள்ளைகள், முட்டி வலி உள்ள மாமியார். அவர் சைவம். படகில்தான் போக முடியும் என்கிறார்கள் சிலர், எங்கள் மைவி கார் கடைசி வரை போகுமா? வேலை முடிந்து மாலையில் கிளம்பினால் போதுமா? பிள்ளைகள் புலி பார்க்கத் துடிக்கிறார்கள்.

பதில்: மைவி தாராளமாகப் போகும். கோம்பாக் டோல் தாண்டி காராக் நெடுஞ்சாலை, அப்புறம் கிழக்குக்கரை நெடுஞ்சாலை, தெமர்லோவில் வெளியேறி ஜெராண்டுட், அங்கிருந்து குவாலா தஹான். எல்லாம் சேர்த்து சுமார் 250 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முன்பெல்லாம் குவாலா தெம்பெலிங் படகுத்துறையில் ஏறி ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆற்றில் போக வேண்டியிருந்தது, உங்களிடம் சொன்னவர்கள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் படகுப் பயணம் அழகுதான். ஆனால் படகில் தாழ உட்கார்ந்து காலை மடக்கியே இருக்க வேண்டும், மாமியாருக்கு வேண்டாம்.

மாலையில் கிளம்பாதீர்கள். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், ஜெராண்டுட்டிலிருந்து குவாலா தஹான் வரைக்கும் உள்ள சுமார் 70 கிலோமீட்டரை வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அதே சாலையில் இரவு எட்டு மணி வாக்கில், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுச்சாலையில் வெள்ளை உரச்சாக்கு ஒன்று கிடப்பது போலத் தெரிந்தது. லாரியிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்து ஒதுங்கப் பார்த்தேன், சாக்கு நகர்ந்தது. பிரேக்கை மிதித்து நின்ற பிறகுதான் கண்ணுக்கு முழுசாகப் பிடிபட்டது, அது ஒரு தாப்பிர். முன்பாதியும் கால்களும் கறுப்பு, அது ஈரத் தாரோடு அப்படியே கரைந்துபோய், முதுகிலிருந்து பின்பக்கம் வரைக்கும் போர்த்தினாற்போல் இருக்கும் வெள்ளை மட்டும் அந்தரத்தில் மிதந்தது. குட்டித் தும்பிக்கை மாதிரியான மூக்கை இரண்டு தடவை தூக்கி மோப்பம் பிடித்துவிட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் புல்லுக்குள் போய்விட்டது. காட்டில் அதைக் காப்பாற்றுகிற அதே நிறம்தான் சாலையில் அதற்கு எமன். நம் நாட்டில் தாப்பிர்கள் வண்டியில் அடிபட்டுச் சாகும் செய்தி எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். எந்த வேளையில் ஓட்டினாலும் அந்தப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள், யானையும் கடக்கும்.

புலி தெரியாது. பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். தீபகற்பம் முழுவதும் காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்பது அரசாங்கக் கணக்கு. காடு சுருங்கியதும் வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணியும்தான் முக்கியக் காரணம். தாமான் நெகாராவின் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலத்திலும் விரிந்து கிடக்கிறது. அதில் ஒரு புலி உங்கள் முன்னால் வந்து நிற்காது. ஆனால் அது அங்கே எங்கோ நடமாடுகிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் காட்டில் நடப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம், அப்படிச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

உறுதியாகப் பார்க்க வேண்டும் என்றால் யானை. போகும் வழியில் லஞ்சாங் பக்கம் குவாலா கண்டா யானைகள் மையம் இருக்கிறது, 1989-இல் வனவிலங்குத் துறை தொடங்கியது. தோட்டங்களுக்குள் இறங்கிப் பயிரை அழிக்கும் யானைகளைப் பிடித்து தாமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில் கொண்டுபோய் விடுவது இந்த மையத்து ஆட்களின் வேலை. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குவாலா தஹானில் காரைக் கிராமத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, சின்னப் படகில் ஆற்றைக் கடந்தால் அக்கரையில் பூங்கா அலுவலகம், நுழைவுச் சீட்டு அங்கே. முதல் நாள் இரவே பும்புன் தஹானுக்குப் போங்கள். பும்புன் என்றால் விலங்குகளை மறைந்திருந்து பார்க்கும் பரண், இது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மாமியாரும் வரலாம். எதிரே விலங்குகள் மண் நக்க வரும் உவர்நிலம், மலாயில் ஜெனுட் என்பார்கள். இருட்டில் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள். அப்புறம் அவர்களுக்கே காது திறக்கும், சில்வண்டுச் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்கும். நான் போன இரவில் கடமான் ஒன்று வந்தது. பார்ப்பதற்கு முன்னால், அது ஈர மண்ணைச் சப்பும் சத்தம்தான் கேட்டது, மாடு கழுநீர் குடிக்கிற மாதிரி. டார்ச்சை நேராக அதன் கண்ணில் அடிக்க விடாதீர்கள்.

மறுநாள் படகில் தஹான் ஆற்றில் மேலே, லாத்தா பெர்கோ பக்கம் போய் வாருங்கள். இருகரையிலிருந்தும் நேராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து பந்தல் போட்ட மாதிரி நிற்கும், தண்ணீர் தேயிலைச் சாய நிறம். உச்சியில் இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். மர உச்சிகளுக்கு நடுவே தொங்கும் கெனோப்பி நடைபாலத்துக்கு உங்களில் ஒருவர் பிள்ளைகளோடு போனால் போதும், பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாட்டுக்கு மிதவை உணவகங்கள் உண்டு, இறங்கி ஏறப் படிகள் அதிகம், சைவத்துக்குச் சோறும் காய்கறிப் பிரட்டலும் கேட்டு வாங்கலாம். கையோடு புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வெளியில் பிரிக்காதீர்கள், குரங்கு பொட்டலத்தோடு கொண்டுபோய்விடும். ஜெராண்டுட்டிலேயே பெட்ரோல் நிரப்பி, ரொக்கமும் எடுத்துவிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், ஆறு பெருகும், அந்த மாதங்களைத் தவிர்த்தால் நல்லது.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): பகாங் வரை போக முடியாதவர்களுக்குப் பினாங்கு தேசியப் பூங்கா பார்க்கத் தகுந்ததா?

பதில்: கண்டிப்பாக. தெலுக் பாகாங்கில், 2003-இல் அமைக்கப்பட்டது. கொம்தாரிலிருந்து 101 பேருந்து ஏறினால் வாசல் பக்கம் இறங்கலாம். பந்தாய் கெராச்சுட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள், அங்கே ஒரு விசித்திரமான ஏரி, கீழே கடல்நீர், மேலே நன்னீர், இரண்டும் கலப்பதில்லை. ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரையும் அதுதான். கண்ணாடி போட்ட மாதிரி கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள குரங்குகள் வழியில் மரத்தில் இருக்கும், மெதுவாக நடங்கள். ஒரு போத்தல் தண்ணீர் போதாது.

கேள்வி (கிள்ளான் வாசகர்): அட்டை கடித்தால்?

பதில்: ஆபத்து இல்லை. உப்பு போடாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள், நகத்தால் வாய்ப் பக்கம் நெம்பி எடுத்துவிட்டு, காயத்தைக் கழுவி, துணியை அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் கொஞ்ச நேரம் கசியும். நீளமான காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டால் பாதி தொல்லை இல்லை.