பழைய கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க்: இந்த முறை வந்த கேள்விகள்

கடிதம் எழுதுகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்: எந்த பிராசஸர், என்ன ஸ்லாட் (கார்டு செருகும் இடம்), எந்த ஆபரேட்டிங் சிஸ்டம். "வீட்டில் ஒரு பழைய பெட்டி கிடக்கிறது, நெட் வருமா?" என்று மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? அப்படி வந்த நான்கு கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கே: 386, டாஸ் 6.22. ஐஎஸ்ஏ ஸ்லாட் இரண்டு காலி. குறைந்த செலவில் எந்த கார்டு போடலாம்?

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு எதுவும் போதும். ரியல்டெக் 8019ஏஎஸ் சிப் உள்ளது கிடைத்தால் நல்லது. 3காம் 3சி509பி இன்னும் கொஞ்சம் வேகம், ஆனால் அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். மலிவாக வருவதில் பல, வட்டமான பிஎன்சி முனை மட்டும் உள்ளவை. உங்களுக்கு வேண்டியது ஆர்ஜே45, இன்றைய நெட்வொர்க் கம்பி செருகும் சதுர முனை.

கார்டோடு வரும் டாஸ் செட்டப் நிரலில் பிளக் அண்ட் பிளேயை அணைத்து, முகவரியை 300, ஐஆர்க்யூவை (கார்டு பிராசஸரை அழைக்கும் தடத்தின் எண்) 10 என்று நிரந்தரமாக எழுதிவிடுங்கள். பிறகு கார்டை இயக்கும் பேக்கெட் டிரைவர், அதன் மேல் எம்டிசிபி என்ற நெட்வொர்க் நிரல் தொகுப்பு. இரண்டும் இலவசம். முதலில் ரவுட்டரிடம் முகவரி வாங்க டிஎச்சிபி, அப்புறம் இணைப்பைச் சோதிக்க ரவுட்டருக்கு ஒரு பிங். பதில் வந்துவிட்டால் எஃப்டிபி (கோப்பு அனுப்ப, எடுக்க), டெல்நெட் எல்லாம் தயார்.

ஒன்று மறக்க வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை வெட்டி எடுத்த பிறகுதான் கார்டு. கசிந்த பேட்டரி போர்டின் தடங்களையே அரித்துவிடும்.

கே: பேக்கெட் டிரைவர் ஏறுகிறது, கார்டில் விளக்கும் எரிகிறது, பிங் மட்டும் போகவில்லை.

ஐஆர்க்யூ மோதல். என்இ2000 கார்டுகள் பல ஐஆர்க்யூ 3-இல் வரும், அது காம்2-வின் (இரண்டாவது சீரியல் போர்ட்) இடம். 5-க்கு மாற்றினால் அங்கே சவுண்ட் கார்டு இருக்கும். 10-க்குப் போங்கள். அது 16 பிட் ஸ்லாட்டில்தான் கிடைக்கும்.

கே: விண்டோஸ் 98 லேப்டாப்புக்குப் பழைய பிசிஎம்சிஐஏ வைஃபை கார்டு வாங்கினேன். டபிள்யூஇபி என்ற பழைய வைஃபை பூட்டு மட்டும்தான் தெரியும் என்கிறது. அதற்காக வீட்டு ரவுட்டரையே டபிள்யூஇபிக்கு மாற்றிவிட்டேன். இப்போது வேலை செய்கிறது. சரிதானே?

சரியில்லை. இந்த வரியைப் படித்ததும் போய் மாற்றுங்கள். டபிள்யூஇபி உடைந்தது 2001-இல். இன்று அதை உடைக்கச் சில நிமிடம் போதும். ஒரு பழைய லேப்டாப்புக்காக வீட்டில் உள்ள எல்லாருடைய போனையும் திறந்துபோட்டிருக்கிறீர்கள்.

வழி எளிது. கிளையன்ட் முறையில் (வீட்டு வைஃபையில் தானே போய் இணைந்து) இயங்கும் கையடக்க ரவுட்டர் ஒன்று வாங்குங்கள். வைஃபையும், டபிள்யூஇபிக்குப் பின் வந்த பூட்டான டபிள்யூபிஏ2-வும் அதன் பாடு. அதிலிருந்து ஒரு சாதாரணக் கம்பி லேப்டாப்பின் ஈதர்நெட் கார்டுக்கு. இந்த ஒரு ரவுட்டர் நாளை உங்கள் 486-க்கும் உதவும். பழைய வைஃபை கார்டைத் தேடிப் பணத்தை இறைக்காதீர்கள்.

கே: ஸ்லாட்டே இல்லை, சீரியல் போர்ட் மட்டும் இருக்கிறது.

இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்பை வைத்துச் செய்த வைஃபை மோடம். ஏடிடிடி (மோடத்துக்கான டயல் கட்டளை) என்று அடித்து முகவரியைக் கொடுத்தால் போன் எண்ணைச் சுழற்றியதுபோல இணைந்துவிடும். நீங்களே செய்வதானால் நடுவில் வோல்ட்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்3232 கட்டாயம். இஎஸ்பி8266 சிப் 3.3 வோல்ட்டுக்கானது, சீரியல் போர்ட்டில் 12 வோல்ட் வரை வரும். நேராகக் கொடுத்தால் போய்விடும்.

வேகத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பி அளவு வர ஏறக்குறைய 25 நிமிடம். 115200-இல் இரண்டு நிமிடம், ஆனால் அதற்கு உங்கள் சீரியல் போர்ட்டில் 16550ஏ சிப் வேண்டும். பழைய 8250 சிப்பில் ஒரு பைட்டுக்குத்தான் இடம், வேகம் கூடினால் எழுத்துகளை விழுங்கும்.

கே: விண்டோஸ் 98-இலிருந்து என் புது கம்ப்யூட்டரின் ஷேர் தெரியவில்லை. புதியதில் எஸ்எம்பி1-ஐ (விண்டோஸ் கோப்புப் பகிர்வின் பழைய முறை) இயக்கினால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இயக்கலாமா?

கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பி வருகிறது, "எல்லாரும்" சொல்வதும் நிற்கவில்லை.

2017 மே மாதம் வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் உலகம் முழுவதும் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை முடக்கியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. 2019-இல், லினக்ஸில் இதே பகிர்வைச் செய்யும் சாம்பாவும் அதை அணைத்துவைத்தது. காரணத்தோடு பூட்டிய கதவு அது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 98-க்கு ஒரே ஒரு விளையாட்டை நகலெடுக்க ஒருவர் தன் கம்ப்யூட்டரில் இதை இயக்கினார். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து நான் போனபோதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீட்டின் மொத்தப் புகைப்படங்களும் அதே வட்டில். கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

98-க்கு எஸ்எம்பி2 தெரியாது. அதனால் புதியதைக் கீழே இறக்காமல் நடுவில் ஒரு ஆளை நிறுத்துங்கள். ராஸ்பெர்ரி பை, இல்லை மூலையில் கிடக்கும் லேப்டாப்பில் லினக்ஸ். அதில் ஒரு எஃப்டிபி சர்வர், ஒரே ஒரு ஃபோல்டர். புதியது பாதுகாப்பான எஸ்எஃப்டிபி வழியாக அங்கே வைக்கட்டும், பழையது எஃப்டிபி வழியாக எடுக்கட்டும். ஷேராகத்தான் தெரிய வேண்டும் என்றால் அந்த நடுப்பெட்டியில் மட்டும் சாம்பாவைப் பழைய முறைக்கு மாற்றுங்கள். அதில் சொந்தக் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. 98-இல் உள்ள எஃப்டிபி கட்டளையில் முதலில் "bin" (பைனரி முறை) என்று அடிக்க மறக்காதீர்கள். அடிக்காவிட்டால் ஜிப் கோப்புகள் கெட்டு வரும். டாஸ்காரர்களுக்கு நடுப்பெட்டிகூட வேண்டாம், எம்டிசிபியிலேயே எஃப்டிபி சர்வர் இருக்கிறது.

கே: மேகின்டோஷ் எஸ்இ. ஈதர்நெட் கார்டு விலை கட்டுப்படியாகவில்லை.

புளூஸ்கஸி வி2 என்ற சிறு கருவி, வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூ போர்டோடு. ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கும், டேனாபோர்ட் (பழைய மேக் ஈதர்நெட் கருவி) போல நடித்து வைஃபையும் கொடுக்கும். பழைய வட்டின் இமேஜை முதலில் எடுத்துவிடுங்கள்.

கே: நெட் வருகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை.

பழைய பிரவுசருக்கு இன்றைய டிஎல்எஸ் (தளங்களின் மறையாக்க முறை) தெரியாது. அதே நடுப்பெட்டியில் வெப்ஒன் போன்ற, தளத்தை வாங்கிப் பழைய பிரவுசருக்குக் கொடுக்கும் ப்ராக்ஸியைப் போடுங்கள்.

கே: புது 2.5 கிகாபிட் சுவிட்சில் என் 10 மெகாபிட் கார்டுக்கு விளக்கே எரியவில்லை.

அந்த வகை போர்ட்டுகள் பலவற்றுக்கு 10 மெகாபிட் தெரியாது. நடுவில் ஒரு பழைய 10/100 சுவிட்சை வையுங்கள்.

கே: இரண்டு 486-களைப் பிஎன்சி வழியாக இணைத்தேன். வீட்டில் இருந்த டிவி கேபிள்தான். பாதி நேரம் வேலை செய்கிறது.

டிவி கேபிள் 75 ஓம். உங்களுக்கு வேண்டியது 50 ஓம், ஆர்ஜி58. ஒவ்வொரு கார்டிலும் ஒரு டி முனை, இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர். அப்புறம் அந்த 486-களிலும் பேட்டரியைப் பார்த்துவிடுங்கள்.