ஆலன் மூரை விமர்சித்ததற்கு வழக்கு வருமா?

கேள்வி: ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டம் ஒரு விவாத அரங்கு நடத்தியது. ‘வாட்ச்மென்’ சித்திரக்கதையை எழுதிய ஆங்கிலேயர் ஆலன் மூரின் பிற்காலப் படைப்புகள் வளர்ச்சியா, வீழ்ச்சியா என்பது தலைப்பு. ‘பிறர் படைத்த பாத்திரங்களை இரவல் வாங்கியே காலம் தள்ளினார், பாலியல் வன்முறையை அளவுக்கு மீறிக் காட்டினார்’ என்று நான் பேசினேன். எதிரணியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோடு வாக்குவாதம் முற்றியது. ‘தோட்டங்களில் வீடு வீடாகச் சேர்த்த நூலகப் பணத்தில் கைவைத்தவர் நீங்கள்’ என்று சொல்லிவிட்டேன். இப்போது சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு வேண்டுமாம். எழுத்தாளரை அவமதித்தேன், பதிப்புரிமையை மீறினேன் என்றும் அதில் உள்ளது. அரங்குக்காக மூரின் சில சித்திரக் கட்டங்களையும், அவருடைய சிறுகதை ஒன்றின் முழுத் தமிழாக்கத்தையும் சிறுநூலாக அச்சிட்டிருந்தோம். பொலிஸ் கைது செய்யுமா?

பதில்: அவதூறுக்காகச் செய்யாது. இலங்கையில் அவதூறு 2002 வரை குற்றமாக இருந்தது. அந்த ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து அந்த அத்தியாயமே நீக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் தொடரக்கூடிய நட்டஈட்டு வழக்கு மட்டும்.

மூரைப் பற்றிப் பேசியதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. வெளியான படைப்பைப் பற்றி, உண்மையான தகவல்களின் மேல் நின்று, தீய நோக்கமின்றிச் சொல்லும் கருத்து ‘நியாயமான விமர்சனம்’ என்ற பாதுகாப்புக்குள் வரும். 1999இல் தொடங்கிய ‘லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்’ பழைய நாவல்களின் நாயகர்களைக் கொண்டே நடக்கிறது. அவர் கதைத்திட்டம் வகுத்த ‘ஆல்பியன்’ தொடரில் நம் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியே வருகிறார். அவருடைய ‘நியோனோமிகான்’ வெளிவந்தபோது பாலியல் வன்முறை பற்றி எழுந்த கண்டனமும் ஊரறிந்தது. அவருடைய பிற்காலத் தொடரான ‘ப்ராவிடன்ஸ்’ படித்த நான் உங்கள் எதிரணியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அது ரசனைச் சண்டை, நீதிமன்றத்துக்கு அதில் வேலையில்லை. ‘திரைப்படப் பணத்துக்காகத் தன் பெயரை விற்றார்’ என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் தம் கதைகளை வைத்து எடுத்த திரைப்படங்களிலிருந்து தம் பெயரை நீக்கச் சொன்னவர், தமக்குரிய பணத்தையும் ஓவியர்களுக்கு விட்டுக்கொடுத்தவர். தகவல் பொய்யானால் கருத்துக்குக் கிடைத்த பாதுகாப்பும் போய்விடும்.

இனிச் சிறுநூல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. அந்தச் சில கட்டங்கள் அதற்குள் அடங்கும். முழுக் கதையின் தமிழாக்கம் அடங்காது. மொழிபெயர்க்கும் உரிமை உரிமையாளருக்கே உரியது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் இலங்கையும் உறுப்பு நாடு என்பதால் வெளிநாட்டுப் படைப்புக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் அதற்காக வழக்குத் தொடர ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு எந்த உரிமையும் இல்லை. மூருக்கே கூட இல்லாமல் போகலாம்: ‘வாட்ச்மென்’ உரிமை இன்றும் அதை வெளியிட்ட அமெரிக்கப் பதிப்பகமான டிசி நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அச்சு நின்றால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். அச்சு நிற்கவே இல்லை. எனவே அனுமதி கேட்பதானால் அந்தக் கதையின் பதிப்புரிமைக் குறிப்பில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதுவரை எஞ்சிய பிரதிகளை விநியோகிக்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் இருக்கிறது. ‘பணத்தில் கைவைத்தவர்’ என்பது கருத்து அல்ல, நேர்மையின் மீதான குற்றச்சாட்டு. இதற்கு உண்மை மட்டும் போதாது. சொன்னதில் பொதுநலனும் இருந்தது என்று காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளர்களிடம் சேர்த்த பணம் என்பதால் பொதுநலனைக் காட்டுவது கடினமல்ல. உண்மையைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை, வங்கிப் புத்தகம், கூட்ட அறிக்கை, ஏதாவது? தேநீர்க் கடையில் கேட்ட பேச்சு சாட்சியாகாது.

ஆதாரம் இல்லையென்றாலும் ஒரு வழி உண்டு. வாக்குவாதத்தில் சீண்டப்பட்டு, ஆத்திரத்தில் வாய்தவறி வந்த சொல், பின்னர் அதில் பிடிவாதம் பிடிக்காதவரை, அவதூறு நோக்கமற்றது என்று வாதிட நம் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பேச்சை வீடியோவாக வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அந்த வாதம் அன்றோடு முடிந்தது. பகிர்ந்திருந்தால் இன்றே நீக்குங்கள், நண்பர்களையும் நீக்கச் சொல்லுங்கள்.

கோரிக்கைக் கடிதம் நீதிமன்ற அழைப்பாணை அல்ல. ஆனாலும் பதிலில்லாமல் விடாதீர்கள். நீங்களே எழுதவும் வேண்டாம், ‘மன்னிக்கவும், ஆனால்’ என்று தொடங்கி இரண்டாவது அவதூறு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தரணி வழியாக, ‘உரிமைகளுக்குப் பங்கமின்றி’ (அதாவது, இதை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது) என்ற குறிப்போடு பதில் போகட்டும். ஆதாரம் இல்லையென்றால், அதே மண்டபத்தில் அதே வாசகர்கள் முன்னிலையில் அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற முன்வாருங்கள். அது நட்டஈட்டைக் கணிசமாகக் குறைக்கும், பெரும்பாலும் வழக்கையே தவிர்க்கும். மூரைப் பற்றிய பேச்சைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. வழக்குத் தொடர அந்த ஆசிரியருக்கு, நீங்கள் பேசிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆகவே கடிதத்துக்குப் பின் மௌனமாக இருந்தாலும் விட்டுவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். கட்டணம் கட்ட வசதியில்லையென்றால் கடிதத்தையும் சிறுநூலையும், பேச்சின் ஒலிப்பதிவு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போங்கள்.