தாலிக்கொடியை ஈடு வைத்துப் பல் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் கோண்டாவில். அவர் ஹயர் வான் ஓட்டுகிறார், நான் வீட்டில் தையல். இரண்டும் சேர்த்து மாதம் 1 இலட்சத்து 10 ஆயிரம் மட்டில் வரும். அவருக்கு 43 வயது, சலரோகம் இருக்கிறது, சிகரெட்டுக்கும் ஒரு நாளைக்கு 500 ரூபா மட்டில் போகும். இந்த வருடம் முன்பல் ஒன்று ஆடி விழுந்துவிட்டது, பக்கத்துப் பல்லும் ஆடுகிறது. மாமிக்கும் 50 வயதுக்குள் பல் முழுக்கப் போய்விட்டதாம். மூத்தவனுக்கு 7 வயது, மூன்று சூத்தைப்பல். சின்னவளுக்கு 4 வயது, முன் பால்பல் கறுத்துவிட்டது. விழுந்த பல்லுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் முடுக்கிப் பதிக்கிற செயற்கைப் பல்) வைக்க 2 இலட்சத்து 60 ஆயிரம் கேட்கிறார்கள். தாலிக்கொடியை ஈடு வைக்கலாமா (வங்கியில் 14 வீதம் சொன்னார்கள்), இல்லை கனடாவில் இருக்கிற அண்ணாவிடம் கேட்கலாமா? இது பரம்பரை வருத்தம் என்றால் பிள்ளைகளுக்கும் இந்தச் செலவு வரும்தானே, இப்பவே ஒரு காப்புறுதி எடுத்து வைக்கட்டா?

பதில்: தங்கச்சி, கொடியை ஈடு வைக்க வேண்டாம். இந்த இம்பிளான்டுக்காக, இந்த வருடம் வேண்டவே வேண்டாம்.

முதலில் வட்டி. 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 36,400, மாதம் 3,000க்குக் கொஞ்சம் மேலே, முதல் அப்படியே நிற்கும். ஹயர் இல்லாத மாதம் வரும், தையல் படுத்துக்கிடக்கிற மாதம் வரும், வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைப்பீர்கள், அடுத்த வருடமும் அதே கதை, கடைசியில் ஏல அறிவித்தல் கடிதம் வந்தபிறகு சொந்தக்காரர் வீடு வீடாக ஓடுவது. இப்படி ஓடுகிற ஆட்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆனால் வட்டியே இல்லாமல் காசு கிடைத்தாலும் நான் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு பல் விழுந்து பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்றால் அநேகமாக முரசு (பல்லீறு) வருத்தம், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்துகொண்டு போகிறது. பல்லடியில் கல்லுப்போல இறுகிப்போன ஊத்தையில் கிருமி குடியிருந்து முரசுக்குக் கீழே இறங்குகிறது, நோவு பெரிதாக இருக்காது, அதனால்தான் பல் ஆடும் வரைக்கும் ஒருவரும் கவனிப்பதில்லை. பல் விளக்கும்போது இரத்தம் வருவது முதல் அடையாளம், ஆனால் சிகரெட் குடிக்கிறவருக்கு அந்த இரத்தமும் குறைவாகத்தான் தெரியும். சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு கெதியாகப் பழுதாகும், முரசு பழுதாக இருந்தால் சீனியும் இறங்க மாட்டேன் என்று நிற்கும். இந்த வருத்தத்தை அடக்காமல் அதே எலும்பில் 2 இலட்சத்து 60 ஆயிரத்தை முடுக்கினால், இம்பிளான்டைச் சுற்றியும் எலும்பு கரைய வாய்ப்பு அதிகம். அத்திவாரம் இறங்குகிற மதிலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அது. சிகரெட்டும் கட்டுப்படாத சீனியும் இம்பிளான்ட் தோற்றுப்போவதற்குத் தெரிந்த காரணங்கள், இதை உங்களுக்கு விலை சொன்னவரும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை நீங்களே கேளுங்கள்: "முரசுக்கு என்ன செய்யப்போறியள், டொக்டர்?" பதிலை வைத்து அங்கேயே தொடர்வதா, வேறொருவரிடம் காட்டுவதா என்று முடிவெடுக்கலாம்.

ஆக முதல் காசு பல்லைத் துப்பரவாக்கி முரசை வைத்தியம் செய்வதற்குப் போகட்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் பல் வைத்தியம் இலவசம், ஆதார வைத்தியசாலைகளிலும் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். இலவசம் என்றாலும் செலவில்லை என்று நினைக்காதீர்கள். விடியவே போய்த் துண்டெடுத்து இருந்தால் அவருக்கு ஒரு நாள் ஹயர் போகும், அதையும் கணக்கில் எழுதுங்கள். ஒரு நாள் உழைப்போடு ஒப்பிட்டால் துப்பரவாக்குவதை மட்டும் தனியாரிடம் செய்வது உங்களுக்கு லாபமாகவும் வரலாம், இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள். விழுந்த பல்லின் இடைவெளிக்கு இப்போதைக்குக் கழற்றி மாட்டுகிற பல் போதும், இம்பிளான்டோடு பார்த்தால் அது சின்னக் காசு. ஹயருக்குப் போகிற மனிதர், சிரிக்க வெட்கப்படுவார், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒழுங்கையில் கடை போட்டு மலிவாகப் பல் கட்டித் தருகிறோம் என்கிற ஆட்களிடம் போக விடாதீர்கள், இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியராக இருக்க வேண்டும்.

இனிப் பரம்பரை. முரசு வருத்தத்துக்கு அப்படி ஒரு இழுப்பு இருக்கிறது, சில குடும்பங்களில் உடம்பே கிருமிக்கு எதிராக அளவுக்கு மீறிச் சண்டை பிடித்து எலும்பைக் கரைக்கும். மாமிக்கு 50க்குள் பல் போனது, மகனுக்கு 43 வயதில் ஆடுவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய கூடப்பிறந்தவர்களும் இப்போதே ஒருக்கால் காட்டுவது நல்லது. பிள்ளைகளின் சூத்தை வேறு கதை. அதைப் பெரும்பாலும் ஒரே வீட்டுச் சாப்பாடும் பழக்கமும்தான் கொண்டுவருகிறது. சூத்தைக் கிருமி பிள்ளை பிறக்கும்போது வாயில் இல்லை, தாய் தகப்பனின் எச்சில் வழியாக, ஒரே கரண்டியால் ருசி பார்த்து ஊட்டும்போதெல்லாம் வருவது. அதனால் உங்கள் வாயிலும் அடைக்க வேண்டிய பல் இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், கடிதத்தில் உங்கள் பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சீனி எவ்வளவு என்பதைவிட எத்தனை தரம் என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. காலையில் பால்தேத்தண்ணி, பத்து மணிக்குப் பிஸ்கட், பள்ளிக்கூடம் விட்டு வர ஜூஸ், பின்னேரம் அப்பம்மா கொடுக்கிற பனங்கட்டித் துண்டை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணித்தியாலம் விளையாட்டு, படுக்கையில் சீனி போட்ட பால். ஒவ்வொரு தரமும் பல்லில் அமிலம் ஊறும், எச்சில் அதைச் சரிப்படுத்த நேரம் வேண்டும், அந்த நேரம் கிடைப்பதே இல்லை. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், இரவு பல் விளக்கியபிறகு தண்ணீர் மட்டும். பற்பசைப் பெட்டியில் புளோரைட் 1000 பிபிஎம் அல்லது அதற்குமேல் இருக்கிறதா பாருங்கள், பிள்ளைகளுக்கு என்று படம் போட்டு விற்கிற சிலதில் அதைவிடக் குறைவு. இருவருக்கும் ஒரு பட்டாணி அளவு போதும், துப்பினால் சரி, வாயைக் கொப்பளிக்க வேண்டாம். இந்த வேலைகளுக்குப் புதுச்செலவு இல்லை, பிஸ்கட் காசு மிஞ்சும்.

இருக்கிற சூத்தைக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இருக்கிறது, இலவசம். கிட்ட எது என்று மூத்தவனின் வகுப்பு ரீச்சரிடம் கேளுங்கள். சின்னவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பால்பல் விழுகிற பல்தானே என்று விட்டால் கீழே இருக்கிற பல்லுக்கும் கிருமி இறங்கும், இடம் அடைபட்டுப் புதுப்பல் கோணலாக முளைத்தால் பிறகு கம்பி போடுகிற காசு இலட்சக்கணக்கில் நிற்கும். மூத்தவனின் மூன்று சூத்தையில் ஏதாவது கடைசிக் கடைவாய்ப்பல்லா என்று பாருங்கள். 6 வயதில் பால்பல் ஒன்றும் விழாமல் அதற்குப் பின்னால் புதிதாக முளைக்கிற பல் அது, ஆயுள் முழுக்க இருக்க வேண்டியது, கனபேர் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதில் சூத்தை என்றால் இந்தக் கிழமையே காட்டுங்கள்.

சரி, காசை எங்கே சேர்ப்பது? ஈட்டு வட்டியாகப் போயிருக்க வேண்டிய 3,000ஐ மாதம் பிறந்ததும் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள், வீட்டில் டப்பாவில் வைத்தால் பெற்றோலுக்குப் போய்விடும். சிகரெட்டுக்கு நாளுக்கு 500 என்றால் மாதம் 15,000, உங்கள் வருமானத்தில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்ட. நான் அவருக்குப் புத்தி சொல்ல வரவில்லை, கணக்குத்தான் சொல்கிறேன்: அதை நிறுத்தி அந்தக் காசையும் இதே கணக்கில் போட்டால் இரண்டும் சேர்ந்து 12 மாதத்தில் 2 இலட்சத்து 16 ஆயிரம். ஒரு வருடம் முரசும் சீனியும் அடங்கி இருந்தால் அப்போது இம்பிளான்டைப் பற்றிப் பேசலாம், ஈடும் வேண்டாம் கடனும் வேண்டாம். சீட்டுப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதில் போடாதீர்கள், பல்லுக்கொதி வருகிற நாளும் சீட்டு விழுகிற நாளும் ஒன்றாக வராது.

அண்ணாவிடம் கேட்பதில் தவறில்லை, ஆனால் இம்பிளான்டுக்குக் கேட்காதீர்கள். முரசு வைத்தியமும் பிள்ளைகளின் வேலையும் எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கி, அந்தத் துண்டைப் படமெடுத்து அனுப்பி, ஒரே தரம் கேளுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு கோல் எடுத்தால் அவருக்கும் சலிக்கும், அங்கே அவருடைய வீட்டிலும் கதை வரும்.

காப்புறுதி வேண்டாம். இங்கே விற்கிற வைத்தியக் காப்புறுதிகள் அநேகமாக ஆஸ்பத்திரியில் மறித்தால்தான் காசு தரும், பல் அடைப்பதற்கும் துப்பரவாக்குவதற்கும் தராது. முகவர் தரும் என்று சொன்னால் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

மாமியைப் பற்றி ஒன்று. பல் இல்லை என்பதால் அவரைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள் போல. வெற்றிலை பாக்கோ புகையிலையோ போடுகிறவர் என்றால் கன்னத்து உள்பக்கத்திலும் நாக்கடியிலும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, ஆறாத புண், வாய் முந்தி மாதிரித் திறக்கவில்லை என்று ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பார்வைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போங்கள். மகனுக்கு எடுக்கிற அதே நாளில் அவருக்கும் ஒரு துண்டு எடுத்தால் போதும், இன்னொரு நாள் ஹயரை விட வேண்டியதில்லை.