சப்பாத்தியை நிறுத்தியும் வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: வயது 34. எனக்கு ஐ.பி.எஸ். (குடல் எரிச்சல் நோய்) இருப்பதாகச் சொல்லி இரண்டு வருடமாகிறது. நான்கு மாதமாகக் கோதுமையை நிறுத்தி, குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாத மாவுதான் வாங்குகிறேன். பாதி குணம். ஆனால் சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்டால் வயிறு பானை மாதிரி உப்பிவிடுகிறது. ஆயுளுக்கும் கோதுமையைத் தொடக்கூடாதா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சின்ன வெங்காயத்தில் குளூட்டன் கிடையாது. துவரம்பருப்பிலும் கிடையாது. அப்படியிருந்தும் வயிறு உப்புகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது வேறொன்றை.

கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் இருப்பது ஃப்ரக்டான் என்கிற சர்க்கரை வகை. அதைச் செரிக்கும் நொதி யாருக்குமே இல்லை. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகிறது. பருப்பிலும் இப்படிப் புளிக்கும் சர்க்கரை உண்டு. மற்றவர்களுக்கு அது வெறும் வாயு, ஐ.பி.எஸ். குடலுக்குக் கூச்சம் அதிகம் என்பதால் வலியாகத் தெரிகிறது. நார்வேயில், குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே அதை விட்டுவிட்ட 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, அதிகம் தொந்தரவு தந்தது ஃப்ரக்டான்தான், குளூட்டன் அல்ல.

ஆனால் ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குவது சீலியாக் நோய். அதற்கான டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? கோதுமையை நிறுத்தியபின் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரமாவது தினமும் இரண்டு வேளை கோதுமை சாப்பிட்டபின் எடுங்கள். எடை குறைவு, ரத்தசோகை, மலத்தில் ரத்தம் இருந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள். சீலியாக் உறுதியானால்தான் ஆயுள் முழுக்கக் குளூட்டன் கூடாது. அப்போது பெருங்காயத்தையும் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும்!

சீலியாக் இல்லை என்றால் அந்த விலை உயர்ந்த மாவு எதற்கு? இட்லி அரிசியிலும் உளுந்திலும் குளூட்டனே இல்லையே. நான்கிலிருந்து ஆறு வாரம் வெங்காயம், பூண்டு, கோதுமையை நிறுத்துங்கள், பருப்பைக் குறையுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, மூன்று மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று குறித்துவையுங்கள். பூண்டு வாசம் இல்லாமல் முடியாதென்றால், எண்ணெயில் முழுப் பல்லாக வதக்கி, தண்ணீர் விடுமுன் எடுத்துப்போடுங்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் இறங்கும், எண்ணெயில் இறங்காது. பலருக்கு ஒரு சப்பாத்தி ஒத்துக்கொள்ளும், நான்கு ஒத்துக்கொள்ளாது. உங்கள் கணக்கு எத்தனை என்பதை அந்தக் குறிப்பு காட்டிவிடும்.