ஆணி ஓட்டைகளை அடைக்க வேண்டாம்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

யாங்கோனுக்குப் பக்கத்தில் தன்லினில் எங்கள் பழைய வீட்டு அடுப்படியைப் பிரித்தபோது, தடுப்புக்குள்ளிருந்து பர்மா ஆயில் என்ற பழைய எண்ணெய்க் கம்பெனியின் எனாமல் போர்டு ஒன்று கிடைத்தது. மூலைகள் பெயர்ந்திருக்கின்றன, நடுவில் ஆணி அடித்த ஓட்டைகள். கூடவே ஒரு நாலு காலன் தகர டின். தாத்தா அந்தக் கம்பெனியின் சிரியம் (தன்லினின் பழைய பெயர்) எண்ணெய் ஆலையில் டின்னுக்கு ஈயம் வைத்தவர். எண்பதைத் தாண்டிய அத்தை, "எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது" என்கிறார். என் மகன் ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்து டீக்கடையில் மாட்ட ஆசைப்படுகிறான். யாங்கோனிலிருந்து ஒருவர் விலைக்கும் கேட்கிறார். இது அசல்தானா? என்ன செய்யலாம்?

— ஒரு வாசகர், தன்லின்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியது, பெயின்ட் டப்பாவை மகன் இன்னும் திறந்திருக்கக் கூடாதே என்பதுதான். தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.

அசலா என்று நீங்களே பார்த்துவிடலாம். போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்தின் ஓரத்தில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். எனாமல் என்பது பெயின்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சுடுவதால் எழுத்து சற்று மேடாக நிற்கும், நகம் அதில் தட்டும். அப்புறம் பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். சிப்பி உடைந்தாற்போல வளைவு வளைவாக உதிர்ந்து, மேல் நிறத்துக்குக் கீழே கருநீலமோ கறுப்போ ஓர் அடிப்பூச்சு தெரிந்தால் நல்ல அறிகுறி. போலிகள் வழவழவென்று அச்சடித்தவை, துருவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். இன்னொன்று, அந்தக் கம்பெனி தன் பெயரில் 'பர்மா' என்பதை ஆங்கிலத்தில் கடைசியில் ஓர் 'எச்' சேர்த்துத்தான் எழுதியது. அந்த 'எச்' இல்லாத 'பழைய' போர்டு ஒன்றை விற்க என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்கள். ஷெல் பெயரும் சேர்ந்து 'பர்மா ஷெல்' என்றிருந்தால் அது 1928-க்குப் பிந்தியது, பெரும்பாலும் இந்தியாவுக்காகச் செய்தது.

சரி, ஓட்டைகளுக்கு வருகிறேன். கம்பெனி மாட்டியிருந்தால் ஓட்டைகள் ஓரத்தில்தான் இருக்கும், வரிசையாக, செய்யும்போதே போட்டவை. நடுவில் இருப்பவை உங்கள் வீட்டார் அடித்தவை. எப்போது அடித்திருப்பார்கள்? அத்தையின் வயதை வைத்துப் பார்த்தால் எனக்கு 1942 தான் நினைவுக்கு வருகிறது. அந்த வருஷம் மார்ச் 7-ஆம் தேதி, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று சிரியம் ஆலையைக் கம்பெனிக்காரர்களே தகர்த்துத் தீ வைத்தார்கள். மறுநாள் ரங்கூன், அதாவது இன்றைய யாங்கோன், அவர்களிடம் விழுந்தது. ஏப்ரலில் மத்திய பர்மாவின் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளுக்கும் அதே கதி. நம்மவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு நடந்த வருஷம் அது. போகாமல் தங்கியவர்களுக்கு ஒரு தகடு கிடைத்தால் அது சுவர், கூரை, கதவு. உங்கள் போர்டு அப்படி வந்ததா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 1963-இல் கம்பெனி அரசுடைமையாகி, அடுத்த வருஷத்திலிருந்து நம் ஜனங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோதும் அது தப்பியதற்குக் காரணம், அடுப்படிக்கு உதவியதுதான். அந்த ஓட்டைகளை அடைத்தால் உங்கள் குடும்பத்தின் கையெழுத்தை அழித்தது போல ஆகும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பளபளவென்று இருக்கும் போர்டுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். அந்த ரசனை எனக்கு ஒத்துவராது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பருத்தித் துணி போதும். உடனே ஈரம் போகத் துடைத்து, இரும்பு தெரியும் இடங்களில் மட்டும் மெழுகு தடவுங்கள். டின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதன் எழுத்து கண்ணாடி அல்ல, வெறும் அச்சு மை. பல வருஷம் முன்பு அப்படி ஒரு டின்னைக் கம்பி நாரால் தேய்த்தேன். துருவோடு எழுத்தும் போனது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. உங்கள் டின்னைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பக்கவாட்டு இணைப்பில் ஈயம் ஓடிய கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். அது தாத்தா வைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அவர் நாள் முழுக்கச் செய்த வேலை அதுதான்.

டீக்கடையில் மாட்டுவது நல்ல யோசனை, மகனிடம் சொல்லுங்கள். அடுப்புப் புகையும் மழைச் சாரலும் படாத உள்சுவராகப் பார்த்து, ஓரத்து ஓட்டைகளில் மட்டும் திருகாணி போடட்டும், இடையில் ரப்பர் வளையம் வைத்து. விலை கேட்பவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முன்னால் அத்தையிடம் ஒரு தடவை உட்காருங்கள். எழுத்து அடுப்படிப் பக்கம் பார்த்து இருந்ததா, வெளிப்பக்கமா? ஆணியில் என்ன தொங்கியது? அந்த டின்னில் அரிசி வைத்தார்களா, தண்ணீரா? அவர் சொல்வதை அப்படியே எழுதி, தேதி போட்டு, போர்டின் பின்னால் ஒரு உறையில் வையுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.